பொன்மணி முழுக்கி வைத்த படகு

பொன்மணி என்ற பெயரைத் தாயம்மா முதன்முதலில் கேட்டது ரேஷன் கடை மண்ணெண்ணெய் வரிசையில். முன்னால் நின்றவள் கேனை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டே, "இன்னாக்கா, உன் தம்பி சிந்தாதிரிப்பேட்டையில பொன்மணின்னு ஒண்ணப் பாத்து வச்சிக்கினு கீறானாமே, உனுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். தாயம்மாவுக்குத் தெரியாது. தெரியாது என்று காட்டிக்கொள்ளவும் மனம் வரவில்லை. "தெரியாம இன்னா, நான்தான் பாக்கச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, மண்ணெண்ணெய்கூட வாங்காமல் வீட்டுக்கு வந்து தம்பி சித்தார்த்தனைப் பிடித்துக்கொண்டாள்.

"கூவத்தாங்கரைப் பொண்ணாடா? கடலு எந்தப் பக்கம் கீதுன்னாவது அதுக்குத் தெரியுமா?"

"கெயக்கால கீதுன்னு தெரியும்க்கா. மத்தத நீ சொல்லிக் குடு" என்றான் அவன், சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல்.

அடையாறு கடலில் போய் விழும் இடத்தில், பட்டினப்பாக்கத்துக் கடைசியில் இருக்கிறது ஆத்துவாய்க் குப்பம். அங்கே யார் யாருக்கு என்ன முறை என்று தாயம்மாவைக் கேட்டால் போதும். நடுவில் வெற்றிலை போட்டுக்கொண்டு ஐந்து தலைமுறையை மூச்சுவிடாமல் சொல்வாள். அந்த ஐந்து தலைமுறையிலும் கடலுக்குப் போகாத வீட்டிலிருந்து பெண் எடுத்ததில்லை. பொன்மணியின் அப்பாவுக்குச் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கிற வேலை. மீன் தெரியும், கடல் தெரியாது. கல்யாணத்துக்கு மறுநாள் மாமியார் வீட்டு வாசலில் நின்று, "இந்தச் சத்தம் நிக்கவே நிக்காதா?" என்று அலையைப் பார்த்துக் கேட்டாளாம் புதுப்பெண். அன்றைக்கே குப்பம் முழுக்கச் சிரித்து, 'கூவத்துப் பொண்ணு' என்று பெயர் வைத்துவிட்டது. இருபது வருஷம் தாண்டியும் அந்தப் பெயர் போகவில்லை.

பெயர்தான் அப்படியே நின்றதே தவிர, பொன்மணி நிற்கவில்லை. வலை பிரித்தாள், மீன் கூடை தூக்கினாள், சுனாமி வந்தபோது பிள்ளை கயலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சாந்தோம் மாதா கோயில் வரைக்கும் ஓடினாள். அப்புறம் ஆறு பொங்கி வந்த அந்த மழை வருஷம், ஆற்றோரம் இருந்த குடிசைகளைப் பிரித்து, ஆட்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். தாயம்மாவின் ஹவுசிங் போர்டு வீடு தப்பியது. பொன்மணியின் வீடு போனது. கூரைக்குப் போட்டிருந்த ஆறு தகரத்தை மட்டும் கழற்றிக் கொண்டுவந்து நாத்தனார் வீட்டுப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டு, ஏழாவது மாடிக்குப் போனாள். விடிகிற நேரத்தில் பஸ் பிடித்து, சிந்தாதிரிப்பேட்டையில் மீன் எடுத்து, லூப் ரோடு மார்க்கெட்டுக்கு வந்து தாயம்மா பக்கத்தில் உட்காருவாள். பொன்மணி விற்பாள், தாயம்மா வெட்டுவாள்.

சித்தார்த்தன் மட்டும் குப்பத்து மணலில் தன் ஃபைபர் படகை வைத்திருந்தான். கார்த்திகை மாசத்துப் புயல் அதையும் தூக்கிக் கருங்கல் மேலே அடித்து இரண்டாகப் பிளந்தது. கயிற்றை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு நின்றதில் அவன் வலது தோள் கழன்றது. வைத்தியம் பார்த்தும் அந்தக் கை காதுக்கு மேலே எழும்பவில்லை. கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேனாகச் சேர்ந்தான். "காலைலேந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு கேட்ட பாத்துக்கினு கீறேன்க்கா. கேட்டு அசைய மாட்டுது" என்று ஒருநாள் தாயம்மாவிடம் சொன்னான். அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

குப்பத்தில் ஒரு கட்டு உண்டு. மணலில் படகு இழுத்துவிட வீட்டுக்கு ஓர் இடம். ஓர் ஆடியிலிருந்து மறு ஆடிக்குள் ஒரு வீட்டுப் படகு கடல் தண்ணீரைத் தொட்டு மீனோடு கரையேறாவிட்டால், அந்த இடம் வரிசையில் அடுத்து நிற்கிறவனுக்கு. ஆடிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அம்மனுக்குக் கூழ்ப்பானை திறக்கிற நேரம்தான் கெடு. புயலுக்கு முன்னால் சித்தார்த்தன் படகு கடலுக்குப் போனது, புயலை அடுத்து வந்த ஆடிக் கணக்கோடு சரி. அதற்கப்புறம் இல்லை. அந்த இடம் போனால் கோயில் வரி வாங்க மாட்டார்கள், கூட்டத்தில் பேச்சு கிடையாது, கல்யாணம் சாவுக்குத் தாம்பூலம் வராது. ஏழாவது மாடி வீட்டுக்கு நம்பர் இருந்தது, அதைக் குப்பம் மதிக்காது. பத்தடி அகல மணல்தான் அவர்களுக்குக் குப்பத்தில் மிச்சமிருந்த விலாசம்.

வரிசையில் அடுத்து நின்றவன் தமிழ்மாறன். தாயம்மாவின் வீட்டுக்காரருக்கு அண்ணன் மகன். ஃபைபர் படகுக்கு ஓட்டை அடைக்கிற கடை வைத்திருந்தான். நல்லவன்தான், வாய்தான் சும்மா இருக்காது. "அத்தே, உன் எடத்த நான் தெனம் பெருக்கி வக்கிறேன். ஆடிக்கு அப்பால வந்து பாரு, கோலம் போட்டு வச்சிருப்பேன்" என்பான் பொன்மணியிடம்.

மாசி மாசம் ஒருநாள் மீன் எடுக்கப் போன பொன்மணி, மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஆடு கத்துவதைக் கேட்டு எட்டிப் பார்த்தாள். இடித்த பங்களாக்களிலிருந்து கதவு, ஜன்னல் வாங்கி விற்கிற மெஹபூப் அலியின் கிடங்கு அது. நாலு செங்கல் தூணுக்கு மேலே கூரை போல எதுவோ கவிழ்ந்திருந்தது. அடியில் மூன்று ஆடுகள். அவள் குனிந்து உள்ளே பார்த்தாள். விலா எலும்பு மாதிரி வரிசையாகக் கட்டைகள், நடுவில் உட்காருகிற பலகை.

"பாய், இது படகுதானே?"

"நேத்து வரைக்கும் ஆட்டுக் கொட்டா" என்றார் மெஹபூப் அலி, ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே. "நீ சொல்றதப் பாத்தா இன்னிலேந்து படகுபோல."

அடையாற்றங்கரையில் ஒரு பங்களாவை இடித்தபோது கதவு ஜன்னலோடு இதையும் தலையில் கட்டிவிட்டார்களாம். அந்த வீட்டுப் பெரியவர் ஒரு காலத்தில் இதில் உட்கார்ந்து ஆற்றில் காற்று வாங்கப் போவாராம். பன்னிரண்டு அடி நீளம், தேக்கு, செப்பு ஆணி. இரண்டு பலகை மட்டும் மக்கிப் போயிருந்தது.

"எனுக்குக் குடு பாய். மீன் புடிக்கணும்."

"இதுலயா? ஆடுங்களே மழை வந்தா இது அடியில நிக்க யோசிக்குதுங்க மா. சரி, குடுக்கறேன்னே வை. அதுங்க எங்க போவும்?"

"கூரைக்கு நான் தகரம் தரேன். ஆறு தகரம். ஓட்ட கிடையாது."

மறுநாள் தகரத்தை எடுக்க வந்தபோதுதான் தாயம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. அந்தத் தகரத்தின் மேலேதான் அவள் இத்தனை வருஷமாகக் கருவாடு காயவைத்தாள். அதற்காக அவள் கத்தவில்லை. என்றைக்காவது ஒருநாள் தம்பி திரும்பி வந்து அந்தத் தகரத்தைக் குப்பத்திலேயே ஒரு கூரையாகப் போடுவான் என்று மனசுக்குள் வைத்திருந்தாள்.

"வூட்டக் குடுத்து ஓட்டப் படகு வாங்கினவ ஒலகத்துலயே நீ ஒருத்திதான்டி!"

"தகரம் கடலுக்குப் போவுமா அண்ணி?" என்று கேட்டுவிட்டு, பொன்மணி ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாள். திட்டிக்கொண்டே தாயம்மா மறுமுனையைப் பிடித்தாள்.

படகைக் குட்டியானை வண்டியில் கவிழ்த்துப் போட்டுக் கொண்டுவந்தார்கள். லஸ் முனையில் சிக்னலுக்கு நின்றபோது, பக்கத்தில் ஸ்கூட்டரில் இருந்த மயிலாப்பூர்ப் பெரியவர் ஒருவர் படகையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த வருஷமும் வெள்ளம் வரப்போறதா? இப்பவே படகு ரெடி பண்ணிண்டு போறேளே! டிவில ஒண்ணும் சொல்லலையே?"

"டிவிக்காரங்களுக்கு லேட்டாத்தான் தெரியும் சாமி. ஒரு சீட்டு போட்டு வக்கட்டுமா உங்களுக்கு?" என்றாள் பொன்மணி.

"ரெண்டாப் போடு. ஆத்துல மாமி வேற இருக்கா" என்று சொல்லிவிட்டு அவர் ஸ்கூட்டரை முறுக்கினார்.

மெஹபூப் அலி வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா முடிந்து பஸ் ஏறி வந்தார். மக்கின பலகையை எடுத்துவிட்டு, அதே பங்களாவின் தேக்குக் கதவை அறுத்துப் பொருத்தினார். மரம் அவர் கைக்கு அடங்கியது. கடலுக்குத்தான் அவர் நடுங்கினார். அலை பத்தடி தள்ளி வந்தால்கூடச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போவார். "நான் கட்டிலு, கதவு செய்யறவன் மா. ரெண்டும் கடலுக்குப் போவாது. நீங்க போயிட்டு வந்து எப்டி இருந்துச்சின்னு சொல்லுங்க" என்பார்.

பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பஞ்சுத்திரியை எண்ணெயும் குங்கிலியமும் கலந்து அடைத்தார்கள். அதற்கப்புறம் என்ன செய்வது என்று குப்பத்தில் ஒருத்தரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள், காய வை என்று. கட்டுமரம் ஓட்டின சனங்களுக்கு அது ரத்தத்தில் ஊறின பழக்கம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரத்தைத் தனித்தனியாக மணலில் போட்டுக் காயவிடுவார்கள். காய்ந்த மரம்தான் மிதக்கும், ஈர மரம் கனத்துக் கீழே இழுக்கும். மற்றவர்களை விடவும் பிடிவாதமாக இதைச் சொன்னவள் தாயம்மா. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாசமும் படகு வெயிலில் கிடந்தது. காலையில் இந்தப் பக்கம், மத்தியானம் அந்தப் பக்கம் என்று ஆள் பிடித்துக் கருவாட்டைத் திருப்புவதுபோல அவள் திருப்பிப் போடவைத்தாள். தட்டிப் பார்த்தால் உடுக்கை மாதிரி சத்தம் கேட்டது. "எப்டி கீது பாரு சத்தம்!" என்று தாயம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை படகை ஆற்றில் இறக்கினார்கள். குப்பமே கரையில் நின்றது. சித்தார்த்தன் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். முழங்கால் தண்ணீருக்குப் போனதும் பொன்மணி உள்ளே ஏறி உட்கார்ந்தாள். ஒரு இடத்திலிருந்து தண்ணீர் வந்திருந்தால் கையால் பொத்தியிருக்கலாம். எல்லாப் பலகைக்கு நடுவிலிருந்தும், சல்லடையில் அரிசி களைகிற மாதிரி வந்தது. பஞ்சுத்திரி நூல் நூலாக மிதந்தது. அவள் எழுந்திருப்பதற்குள் படகு தரையில் போய் உட்கார்ந்துகொண்டது. இடுப்புவரை தண்ணீரில், துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பொன்மணி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அத்தே! மீனு வெளிய கீது, நீ உள்ள கீற! மாத்தி உக்காந்துட்டியா?" என்று தமிழ்மாறன் கத்தினான். கரை முழுக்கச் சிரிப்பு.

"ஃபைபர் அடிச்சிக் குடுடா" என்று தாயம்மா அவனைக் கேட்டாள்.

"அடிக்கலாம் சித்தி. கையில ஆறு படகு வேலை கீது. ஆடி முடியட்டும், அடிச்சித் தரேன்."

ஆடி முடிந்தால் என்ன முடியும் என்று இருவருக்கும் தெரியும். தாயம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். மனசு அரித்தது. தகரத்தைக் கொடுத்தது பொன்மணி, ஆனால் படகைக் கெடுத்தது தானோ என்று முதன்முறையாக அவளுக்குத் தோன்றியது. எப்படிக் கெடுத்தோம் என்றுதான் புரியவில்லை.

அடுத்த நாள் மார்க்கெட்டில் தாயம்மா வஞ்சிரம் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். அருவாமனையின் கத்தி கட்டையில் லொடலொடவென்று ஆடியது. வெயில் காலத்தில் அது அப்படித்தான். வாங்க வந்தவர் போனதும், "சனியன், ஆடுது பாரு. அந்தத் தண்ணி பக்கிட்டுல போடுடி இத்த. செத்த ஊறட்டும், கட்ட உப்பிக்கினு கத்தியப் புடிச்சிக்கும்" என்று பக்கத்தில் தள்ளினாள்.

பொன்மணி எடுத்தாள். பக்கெட்டுக்கு மேலே கை அப்படியே நின்றது.

"அண்ணி."

"இன்னா?"

"இன்னா சொன்ன இப்ப?"

"ஊறப் போடச் சொன்னேன்."

"காய வச்சா?"

"காய வச்சா இன்னும் ஆடும். இது தெரியாமயா இத்தினி வருசம் மீனு விக்கிற..." என்று ஆரம்பித்த தாயம்மாவின் வாயும் நின்றது. வெற்றிலையை மெல்ல மறந்துபோனாள். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். மூன்று மாசம். காலையில் ஒரு பக்கம், மத்தியானம் ஒரு பக்கம்.

"அடிப்பாவி" என்றாள் தாயம்மா, தன்னைத்தான். "கட்டுமரத்துக்குச் செய்யறத இதுக்குச் செஞ்சிட்டனேடி!"

மெஹபூப் அலிக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். "சரியாத்தான் தோணுது மா" என்றார் அவர். "மழைக்குக் கதவு உப்பிக்கினு சாத்தாது. நான் கதவு உப்பக்கூடாதுன்னு அடிச்சிக்கிறவன். உனுக்கு உப்பணும். அடைச்ச பஞ்ச கொஞ்சம் எளக்கி வுடு. இல்லன்னா உப்பறதுக்கு எடம் இல்லாம ஆணி புடுங்கிக்கும்."

ஆடி பிறந்த முதல் வாரம், ஆற்றில் அலை இல்லாத ஓரத்தில் படகை இறக்கி, உள்ளே மணல் மூட்டை அடுக்கி, விளிம்பு வரைக்கும் தண்ணீரில் முழுக்கிவைத்தாள் பொன்மணி. தெரிந்தே ஒருத்தி தன் படகை முழுக்குவதைக் குப்பம் அதுவரை பார்த்ததில்லை. ஆளாளுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் தமிழ்மாறன் ஒரு சாமந்தி மாலையைக் கொண்டுவந்து தண்ணீருக்கு மேலே தெரிந்த நுனியில் போட்டுக் கும்பிட்டான்.

"நல்லபடியா அடக்கம் பண்ணிட்ட அத்தே. காரியம் என்னிக்கு?"

"கடைசி ஞாயித்துக்கெயம. நீதான் பந்தி பரிமாறணும், மறக்காம வா" என்றாள் பொன்மணி. மாலையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள்.

தினமும் காலையில் மீன் கூடையை இறக்கினதும் அவள் முதலில் போவது ஆற்றுக்குத்தான். தண்ணீருக்குள் கையை விட்டு, பலகை இடுக்கில் நகத்தை ஓட்டிப் பார்ப்பாள். முதல் நாள் நகம் முழுசாகப் போனது. ஒரு வாரம் கழித்து நுனி மட்டும் போனது. ஒன்பதாம் நாள் தாயம்மாவைக் கூப்பிட்டு, "நீ வச்சிப் பாரு" என்றாள். தாயம்மா தன் நகத்தை வைத்தாள். போகவில்லை.

கடைசி ஞாயிற்றுக்கு முந்தின நாள் மூட்டையை எடுத்துவிட்டுத் தண்ணீரை இறைத்தார்கள். ஒரு விலாக்கட்டையில் தாயம்மா அடுப்புக்கரியால் கோடு போட்டாள். அரைப்படி தண்ணீர் அதற்குக் கீழே கிடந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டு அந்தக் கோட்டையே பார்த்தாள். சாயங்காலம் வரைக்கும் தண்ணீர் கோட்டைத் தொடவில்லை.

இப்போது யார் ஓட்டுவது என்ற பேச்சு வந்தது. துடுப்பு இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக வளையத்தில் மாட்டியிருந்தது. அப்படி மாட்டினால் போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துதான் இழுக்க முடியும். சித்தார்த்தன் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்துகொண்டான்.

"கடலுக்கு முதுவ காட்டினு போறதா? எங்கப்பன் பாத்தா செருப்பால அடிப்பாரு. அதுவும் இல்லாம, இந்தக் கை இத்தினி தூரம் இழுக்காது."

"உனுக்குத் தோளுதான் போச்சி, கண்ணு போவலியே" என்றாள் பொன்மணி. "நான் முதுவ காட்டி இழுக்கறேன். நீ பின்னால எனக்கு எதுர்க்க உக்காந்துக்க. கடல நீ பாரு, கரைய நான் பாக்கறேன். எந்தப் பக்கம் இழுக்கணும்னு வாயால சொல்லு."

பொம்பளை படகில் போவதா என்று கூட்டத்தில் இரண்டு பேர் எழுந்தார்கள். தலைவர் சேட்டு, தாயம்மாவின் தாய்மாமன் மகன். ஒரு காலத்தில் அவளைக் கட்டிக்க வேண்டிய முறைக்காரர். அவர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். தாயம்மா விடவில்லை.

"இன்னா மாமா தடவிக்கினு கீற? கட்டுல வூட்டுப் படகுன்னு கீதா, ஆம்பளப் படகுன்னு கீதா?"

"வூட்டுப் படகுன்னுதான் கீது."

"அவ அந்த வூடுதானே?"

"உன்னக் கட்டாததுக்கு இன்னி வரைக்கும் அம்மனுக்கு வெளக்குப் போடறேன் தாயி" என்றார் சேட்டு. "போய்ட்டு வரட்டும். கூழ்ப்பானை பத்து மணிக்குத் தொறப்பேன். அதுக்குள்ள மீனோட கரையில நிக்கணும். அரை நிமிசம் தள்ளினாலும் எடம் தமிழ்மாறனுக்குத்தான்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், தண்ணீர் ஏறியிருந்த நேரம் பார்த்து இறங்கினார்கள். மெஹபூப் அலி வெள்ளிக்கிழமை இல்லாத நாளில் முதன்முறையாக வந்து, செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகுதூரம் தள்ளி நின்றார். பொன்மணி புடவையை முட்டிக்கு மேலே இழுத்துச் செருகிக்கொண்டு துடுப்பில் உட்கார்ந்தாள். சித்தார்த்தன் நண்டுவலையோடு எதிரில் ஏறினான். தாயம்மா தண்ணீருக்குள் வந்து விளிம்பைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். தள்ளின கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கரையேறினாள்.

ஆற்று வாயில் மணல் மேட்டுக்கும் அலைக்கும் நடுவே ஒரு வழி இருந்தது. ஆடிக் காற்று நிலத்திலிருந்து அடித்து அலையை அடக்கியிருந்தது. என்றாலும் மூன்று அலை எழும்பிக்கொண்டேதான் இருந்தது. முதல் அலையில் படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. "இடதுல இழு! இடதுல! இப்ப ரெண்டும்!" என்று சித்தார்த்தன் கத்துவது கரைக்குக் கேட்டது. கேட்டையே பார்த்துப் பார்த்துத் தேய்ந்துபோயிருந்த குரல் இல்லை அது. பழைய குரல். அவன் படகோட்டியபோது கேட்ட அந்தக் குரலைத் தாயம்மா அடையாளம் கண்டுகொண்டாள். இரண்டாவது அலை இரண்டு பேரையும் மறைத்தது. மூன்றாவது அலைக்கு அப்புறம், ஆற்றுக்குக் குறுக்கே பாதியில் நிற்கும் உடைந்த பாலத்துக்கு நேராகக் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி மேலே ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. மூழ்கவில்லை.

"மெதக்குது" என்றாள் தாயம்மா. பக்கத்தில் நின்றவனிடம் சொன்னாள், அவனுக்குப் பக்கத்தில் நின்றவனிடமும் சொன்னாள். "மெதக்குது நைனா, மெதக்குது!"

எட்டு மணி ஆனது. ஒன்பது ஆனது. கோயிலில் பம்பை அடிக்க ஆரம்பித்தார்கள். பெண்கள் தலையில் கூழ்க்குடம் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். சேட்டு பானைக்குப் பக்கத்தில் போய் நின்று கைபேசியில் மணி பார்த்தார். ஒன்பதே முக்காலுக்குப் புள்ளி பெரிதானது. திரும்பி வரும்போது கரை பார்ப்பது சித்தார்த்தனின் முறை, கடல் பார்ப்பது பொன்மணியின் முறை. பின்னால் துரத்தி வருகிற அலையை நேருக்கு நேர் பார்த்தபடி அவள் இழுத்துக்கொண்டு வந்தாள். அலை எழும்பும்போது துடுப்பை நிறுத்துவாள், தாண்டியதும் இழுப்பாள். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இருபது வருஷம் வாசலிலும் மார்க்கெட்டிலும் உட்கார்ந்து, நிற்கவே நிற்காத அந்தச் சத்தத்தைக் கேட்டவளுக்கு அலை எப்போது எழும்பும் என்று காதுக்கே தெரிந்திருந்தது.

கடைசி அலை படகைக் குறுக்கே திருப்பப் பார்த்தது. இன்னும் இருபதடி. கரையில் நின்ற ஒருத்தன் சட்டையோடு தண்ணீரில் பாய்ந்து மூக்கைப் பிடித்து நேராக்கினான். தாயம்மா உற்றுப் பார்த்தாள். தமிழ்மாறன்.

"உனுக்குப் பைத்தியமாடா? அது உன் எடம்டா!" என்று அவன் கூட்டாளி ஒருத்தன் கத்தினான்.

"படகு கவுந்தா எடம் எதுக்குடா? புடிடா அந்தப் பக்கம்!"

மணலில் படகு வந்து உரசியதும் பொன்மணி எழுந்து வலையைத் தூக்கிப் பிடித்தாள். பதினேழு நண்டு, நாலு மடவை. நண்டுகள் காலை உதைத்துக்கொண்டிருந்தன. சேட்டு பானை மேலிருந்த துணியில் கை வைத்தபடி எட்டிப் பார்த்தார். படகுக்குள்ளே குனிந்தும் பார்த்தார். கரிக்கோடு காய்ந்தே இருந்தது.

"கூவத்துப் பொண்ணு..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினார். பானையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "சித்தார்த்தன் வூட்டுப் படகு கரையேறிட்ச்சி. எடம் அவங்களுக்குத்தான். பம்பைய நல்லா அடிங்கடா!" என்றார்.

அதற்கப்புறம் யார் என்ன பேசினார்கள் என்று தாயம்மாவுக்கு நினைவில்லை. பொன்மணியின் ஈரத்தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "என் வூட்டுப் பொண்ணுடி நீ, என் வூட்டுப் பொண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்ததாக மற்றவர்கள் சொல்கிறார்கள். முதல் குவளைக் கூழைத் தாயம்மா கொண்டுபோய்க் கொடுத்தது மெஹபூப் அலிக்கு. அவர் அதை வாங்கிக்கொண்டு, அன்றைக்குத்தான் முதன்முறையாக அலை காலை நனைக்கும் வரைக்கும் வந்து, ஈரப் படகைத் தட்டிப் பார்த்தார். உடுக்கைச் சத்தம் இல்லை. தொப்பென்று கனமாக ஒரு சத்தம்.

"இதான் மா சத்தம்" என்றார். "இனிமே இத்தக் காய வுட்டுடாதீங்க."

பந்தி பரிமாற வந்தவன் தமிழ்மாறன்தான். நண்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டே, "அடுத்த ஆடி வரைக்கும் வெயிட் பண்றேன் அத்தே. எனக்கென்ன, வயசு கீது" என்றான்.

"நீ கெயவனாயிடுவடா" என்றாள் பொன்மணி.

அதெல்லாம் நடந்து ஓர் ஆடி கடந்துவிட்டது. சித்தார்த்தன் கிண்டி வேலையை விட்டுவிட்டான். கடலுக்குப் போகாத நாளில் படகை மணலில் ஏற்றுவதில்லை, ஆற்றோரம் தண்ணீரிலேயே கட்டிவைக்கிறார்கள். அந்தப் பத்தடி மணலில் தமிழ்மாறன் தன் பழுதுபார்க்கிற படகுகளை நிறுத்திக்கொள்கிறான், பொன்மணியைக் கேட்டுக்கொண்டு. அவள் இன்னும் பெரும்பாக்கத்து ஏழாவது மாடியில்தான் குடியிருக்கிறாள். வாரத்தில் ஐந்து நாள் காலையில் ஆற்று வாய்க்கு வெளியே துடுப்புப் போடுகிறாள். பத்து மணிக்கு மேல் லூப் ரோடு மீன் மார்க்கெட்டில், தாயம்மாவுக்கு இடது பக்கத்தில் இருப்பாள்.